டெக் பங்குகள் எப்போது இறங்கும்?

வாசகர் கேள்வி: எனக்கு 38 வயது. மென்பொருள் துறையில் வேலை. என் சேமிப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் டெக் பங்குகளிலும், அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் உள்ள 100 பெரிய நிறுவனங்களைக் கொண்ட நாஸ்டாக் 100 குறியீட்டு ஃபண்டிலும் இருக்கிறது. சில வாரங்களாக விலை நிற்காமல் ஏறுகிறது. விலை ஏறும் வேகத்தைக் காட்டும் ஆர்.எஸ்.ஐ. என்ற அளவுகோல் 75-ஐத் தாண்டிவிட்டது. சீக்கிரமே ஒரு இறக்கம் வரும் என்று தோன்றுகிறது. இப்போது விற்றுவிட்டு, 8 அல்லது 10 சதவீதம் இறங்கியதும் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன? முன்பு இரண்டு முறை இப்படிச் செய்தேன். ஒரு முறை பலித்தது. இன்னொரு முறை விலை நான் விற்ற இடத்துக்குத் திரும்பி வரவே இல்லை. குறுகிய கால இறக்கத்தை முன்கூட்டியே கணிக்க நம்பகமான வழி இருக்கிறதா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒன்றரை ஆண்டில் வீடு வாங்குவதற்காக அக்கா சேர்த்து வைத்த பணமும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் இதே பங்குகளில்தான் போட்டிருக்கிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கடைசி மூன்று வரிகள். அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் நடுவில் உள்ள கணக்கைப் பார்த்த பிறகு அதற்கான பதில் உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: இறக்கம் வரும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த வாரம் வரும் என்பதை நீங்களோ நானோ நம்பிப் பணம் போடும் அளவுக்குச் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்த பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை. தொடர்ந்து சரியாகச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஓரளவு கணிக்கக்கூடிய வேறொரு விஷயம் இருக்கிறது. அது உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். அதையும் சொல்கிறேன்.

முதலில் ஆர்.எஸ்.ஐ. பற்றி. வெல்ஸ் வைல்டர் என்பவர் 1978-ல் கொண்டுவந்த அளவுகோல் இது. கடந்த 14 நாட்களில் விலை ஏறிய நாட்களின் சராசரி ஏற்றத்தையும், இறங்கிய நாட்களின் சராசரி இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகத் தருகிறது. 70-க்கு மேல் போனால் 'அதிகம் வாங்கப்பட்டுவிட்டது' என்று சொல்வது வழக்கம். அதன் சூத்திரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே போவது முழுக்க முழுக்க நடந்து முடிந்த 14 நாள் விலைகள் மட்டுமே. நாளைக்கு என்ன ஆகும் என்பதற்கான எந்தத் தகவலும் அதில் இல்லை. 75 என்றால் 'கடந்த இரண்டு மூன்று வாரமாக வேகமாக ஏறியிருக்கிறது' என்று அர்த்தம். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். வலுவான ஏற்றத்தில் ஆர்.எஸ்.ஐ. 70-க்கு மேலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். நாஸ்டாக் சந்தையின் ஏறக்குறைய எல்லாப் பங்குகளையும் சேர்த்துப் பார்க்கும் நாஸ்டாக் காம்போசிட் குறியீடு (இனி நாஸ்டாக் என்று நான் சொல்வது இதைத்தான்) 1999-ம் ஆண்டில் மட்டும் 85.6 சதவீதம் ஏறியது. 'இது ரொம்ப அதிகம்' என்று அந்த ஆண்டில் தோன்றாத மாதமே இருந்திருக்காது.

அதற்கும் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1996 டிசம்பர் 5-ம் தேதி, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் (ஃபெட்) தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் தன் உரையில், சந்தையின் உற்சாகம் அறிவுக்குப் பொருந்தாத அளவுக்குப் போகிறதா என்று கேள்வி எழுப்பினார். அன்று நாஸ்டாக் சுமார் 1,300 புள்ளிகளில் இருந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏறிக்கொண்டே போய், 2000 மார்ச் 10-ம் தேதி 5,048-ல் முடிந்தது. அங்கிருந்து சரிந்து 2002 அக்டோபர் 9-ம் தேதி 1,114-க்கு வந்தது. அதாவது 78 சதவீத வீழ்ச்சி. கடைசியில் விலை அவர் பேசிய நாளில் இருந்ததைவிடவும் கீழே போனது. அவருடைய கவலை சரிதான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு அன்றைக்கே விற்றவர், தான் செய்தது சரி என்று தெரிந்துகொள்ள ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். நடுவில் விலை நான்கு மடங்கு ஆவதை வெளியில் நின்று பார்த்திருக்க வேண்டும். அதைத் தாங்கி நின்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலானோர் உச்சத்துக்குப் பக்கத்தில் வந்து மறுபடி வாங்கியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

இன்னொரு அறிகுறியும் அடிக்கடி பேசப்படுகிறது. குறியீடு ஏறும்போது பெரும்பாலான பங்குகள் சேர்ந்து ஏறுகின்றனவா, அல்லது நான்கைந்து பெரிய நிறுவனங்கள் மட்டும் தூக்கிக்கொண்டு போகின்றனவா என்று பார்ப்பது. ஆர்.எஸ்.ஐ.யைவிட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆனாலும் கவனம். நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறிய பங்குகளுக்கும் இறங்கிய பங்குகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி வரும் கோடு 1998 ஏப்ரலிலேயே உச்சம் தொட்டுவிட்டது. டெக் பங்குகள் உடைந்ததோ ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து.

சரி, சரியான நேரத்தில் எச்சரிக்கும் ஒரு நல்ல கருவி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் மென்பொருளில் இருப்பவர், இந்தக் கணக்கு பிடிக்கும். 100 வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 10 வாரங்களுக்கு அடுத்து உண்மையான இறக்கம் வருகிறது என்று கொள்வோம். உங்கள் கருவி அந்தப் பத்தில் 7-ஐப் பிடித்துவிடுகிறது. இது மிக நல்ல கருவி. மீதி 90 வாரங்களில் ஐந்தில் ஒரு முறை மட்டும் வீணாக மணி அடிக்கிறது. அப்படியானால் 18 வீண் மணிகள். மொத்தம் 25 முறை அடிக்கிறது, அதில் 7 மட்டுமே உண்மை. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் இறக்கம் வருவதற்கான வாய்ப்பு 28 சதவீதம்தான். இறக்கம் அபூர்வமான நிகழ்வாக இருக்கும்வரை, கருவி நன்றாக இருந்தாலும் வீண் மணிகளே அதிகம் அடிக்கும். உங்களுடைய இரண்டு முயற்சிகளில் ஒன்று பலித்தது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு முயற்சிகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. நாணயத்தைச் சுண்டினாலும் அதே முடிவு வரும்.

அப்புறம், விற்பதும் திரும்ப வாங்குவதும் தனித்தனி முடிவுகள். ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் சரியாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டும் சேர்ந்து சரியாக அமைய 36 சதவீத வாய்ப்புதான். நீங்கள் 100-ல் விற்கிறீர்கள். விலை முதலில் 112-க்குப் போகிறது. அதன் பிறகு, நீங்கள் சொன்னபடியே 10 சதவீத இறக்கம் வருகிறது. விலை 100.80. உங்கள் கணிப்பு பலித்துவிட்டது, ஆனால் விற்ற விலையைவிட அதிகம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இதோடு லாபத்துக்கான வரி, தரகுக் கட்டணம் எல்லாம் சேரும்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர் 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் செய்ததைச் சொல்கிறேன். அமெரிக்கா ஏப்ரல் 2-ம் தேதி இறக்குமதி வரிகளை அறிவித்தது. நாஸ்டாக் 3-ம் தேதி ஏறக்குறைய 6 சதவீதம் இறங்கியது. 4-ம் தேதி மறுபடியும் 5.8 சதவீதம். அன்று மாலை அவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு எனக்குத் தகவல் சொன்னார். குரலில் நிம்மதி தெரிந்தது. 8-ம் தேதி வரை அவர் செய்தது சரி என்றே தெரிந்தது. 9-ம் தேதி, பெரும்பாலான வரிகள் 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு வந்ததும், ஒரே நாளில் 12.16 சதவீத ஏற்றம். அவர் விற்ற விலைக்கு மேலே போய்விட்டது. 'இது பொய்யான ஏற்றம், திரும்ப இறங்கும்' என்று காத்திருந்தார். ஜூன் கடைசியில் குறியீடு புதிய உச்சம் தொட்டபோதும் அவர் வெளியேதான் இருந்தார். விற்றது அவருக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. திரும்ப உள்ளே வருவதுதான் அவரால் முடியாமல் போனது. உங்கள் இரண்டாவது அனுபவமும் இதேதான் என்று நினைக்கிறேன்.

பெரிய இறக்க நாட்களும் பெரிய ஏற்ற நாட்களும் ஒன்றையொன்று ஒட்டியே வரும். 2020 மார்ச்சில் நாஸ்டாக் 12-ம் தேதி 9.4 சதவீதம் இறங்கியது, 13-ம் தேதி 9.3 சதவீதம் ஏறியது, அடுத்த வேலை நாளான 16-ம் தேதி 12.3 சதவீதம் இறங்கியது. இதில் இறங்கும் நாட்களில் வெளியேயும் ஏறும் நாளில் உள்ளேயும் இருப்பது யாராலும் ஆகாத காரியம்.

டெக் பங்குகள் மற்றவற்றைவிட அதிகம் ஆடுவதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் நிறையத் தெளிவு வரும். இந்த நிறுவனங்களின் மதிப்பில் பெரும்பகுதி பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் லாபத்தில் இருக்கிறது. 20 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 100-ன் இன்றைய மதிப்பு, 3 சதவீத வட்டியில் சுமார் 55. வட்டி 5 சதவீதம் ஆனால் சுமார் 38. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. அதுவே மூன்று ஆண்டில் கிடைக்கும் 100 என்றால், மதிப்பு சுமார் 91.5-லிருந்து 86.4 ஆகும். கிட்டத்தட்ட 5.6 சதவீதம்தான் குறைகிறது. நிறுவனத்தில் எதுவுமே மாறவில்லை, வட்டி மட்டும்தான் மாறியது. 2022-ல் ஃபெட் வட்டியை வேகமாக ஏற்றியபோது நாஸ்டாக் அந்த ஆண்டில் 33 சதவீதம் இறங்கியதற்குப் பெரிய காரணம் இதுதான்.

தனி நிறுவனத்தின் காலாண்டு முடிவு இன்னொரு காரணம். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 பிப்ரவரி 3-ம் தேதி, முடிவுகள் வந்த மறுநாள், 26 சதவீதம் இறங்கியது. முடிவுகள் எந்த நாளில் வரும், ஃபெட் ஆண்டுக்கு எட்டு முறை எந்தெந்தத் தேதிகளில் கூடும் என்பதெல்லாம் முன்பே தெரியும். அந்த நாட்களில் ஆட்டம் பெரிதாக இருக்கும் என்று நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். எந்தப் பக்கம் ஆடும் என்று குறிக்க முடியாது.

செய்தி முன்பே கையில் இருந்தாலும்கூட நாளைச் சொல்ல முடியாது என்பதற்கு ஒரு உதாரணம் என் மனதில் நன்றாகப் பதிந்திருக்கிறது. சீனாவின் டீப்சீக் நிறுவனம் தன் ஆர்1 என்ற செயற்கை நுண்ணறிவு மாடலை 2025 ஜனவரி 20-ம் தேதி வெளியிட்டது. அதன் தொழில்நுட்ப விவரங்களை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான சிப்களைத் தயாரிக்கும் என்விடியாவின் பங்கு 17 சதவீதம் விழுந்தது 27-ம் தேதி. ஒரே நாளில் 600 பில்லியன் டாலருக்கு நெருக்கமான சந்தை மதிப்பு போனது. ஒரு நிறுவனம் ஒரே நாளில் இழந்த தொகையில் அதுவரை அதுதான் மிகப் பெரியது. நடுவில் ஒரு வாரம் முழுக்கச் செய்தி எல்லோர் கண்முன்னேயும் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரும் எப்போது கவலையாக மாற்றிக்கொள்வார்கள் என்பதைச் சொல்ல எந்தக் கோடும் உதவாது.

சில நேரம் இறக்கம் டெக் துறைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வரும். ஜப்பானின் மத்திய வங்கி 2024 ஜூலை 31-ம் தேதி வட்டியை ஏற்றியது. குறைந்த வட்டியில் யென் கடன் வாங்கி உலகெங்கும் முதலீடு செய்திருந்தவர்கள் அவசரமாக விற்கத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 5-ம் தேதி டோக்கியோவின் நிக்கேய் பங்குக் குறியீடு 12.4 சதவீதம் இறங்கியது, அன்றே நாஸ்டாக்கும் 3.4 சதவீதம் இறங்கியது. நாஸ்டாக்கின் ஆர்.எஸ்.ஐ.யைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

இப்போது கணிக்கக்கூடியதற்கு வருகிறேன். கணிதவியலாளர் பெனுவா மாண்டல்ப்ரோ 1963-லேயே கவனித்தது இது: விலையில் பெரிய மாற்றங்களுக்குப் பிறகு பெரிய மாற்றங்களும், சிறிய மாற்றங்களுக்குப் பிறகு சிறிய மாற்றங்களும் வருகின்றன. மேலா கீழா என்பது தெரியாது, அளவு மட்டும் தொடர்கிறது. இதைக் கணித மாதிரியாக ராபர்ட் எங்கிள் 1982-ல் எழுதினார், 2003-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். திசையைச் சொல்ல முடியாவிட்டாலும், ஆட்டம் எவ்வளவு இருக்கும் என்பதை ஓரளவு சொல்லலாம்.

இதற்கு நீங்கள் எந்தக் கணித மாதிரியையும் உருவாக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டுக்கு, எதிர்பார்க்கப்படும் ஆட்டத்தை அளக்கும் விக்ஸ் இருப்பதுபோல நாஸ்டாக் 100-க்கு வி.எக்ஸ்.என். என்ற குறியீடு இருக்கிறது. ஆப்ஷன் (குறிப்பிட்ட விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகளிலிருந்து, அடுத்த 30 நாட்களில் சந்தை எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்க்கிறது என்பதை ஆண்டு சதவீதமாகச் சொல்கிறது. அது 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் சுமார் 252 வர்த்தக நாட்களின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 16-ஆல், வகுத்தால் ஒரு நாளைக்கான அளவு, அதாவது 1.5 சதவீதம். 12-ன் வர்க்கமூலத்தால், சுமார் 3.46-ஆல், வகுத்தால் ஒரு மாதத்துக்கானது, கிட்டத்தட்ட 7 சதவீதம். தோராயமாகச் சொன்னால், மூன்றில் இரண்டு மாதங்கள் இந்த 7-க்குள் இருக்கும், ஒரு மாதம் அதைத் தாண்டும். உண்மையான சந்தையில் மிகப் பெரிய தாண்டல்கள் இந்தக் கணக்கு சொல்வதைவிட அடிக்கடி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படியானால் நீங்கள் பயப்படும் 8 சதவீத இறக்கம் என்பது டெக் பங்கு வைத்திருப்பவருக்கு வழக்கமான விஷயம். அதைத் தவிர்க்க வேண்டிய விபத்தாகப் பார்க்காதீர்கள்.

அதனால் உங்கள் கேள்வியை நான் மாற்றிக் கேட்கச் சொல்வேன்: 'எப்போது இறங்கும்?' என்பதை விட்டுவிட்டு, 'எந்த நாளில் இறங்கினாலும் என்னால் தாங்க முடிகிற அளவு எவ்வளவு?' என்று கேளுங்கள். 70 சதவீதம் வைத்திருக்கிறீர்கள். 2022 மாதிரி ஒரு ஆண்டு வந்தால் மொத்தச் சேமிப்பில் சுமார் 23 சதவீதம் குறையும். 2000 மாதிரி வந்தால் சுமார் 55 சதவீதம். இதில் நீங்கள் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. உங்கள் சம்பளமும் இதே துறையிலிருந்துதான் வருகிறது. டெக் பங்குகள் மோசமாக இறங்கும் காலத்தில்தான் அந்தத் துறையில் ஆட்குறைப்பும் நடக்கிறது. சேமிப்பும் வேலையும் ஒரே நேரத்தில் அடி வாங்கினால், அடிமட்ட விலையில் விற்றுச் செலவு செய்ய வேண்டிவரும். பங்கு இறங்குவதைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஒரு ஆண்டுச் செலவுக்கான பணத்தை முதலில் தனியே எடுத்து வையுங்கள். பிறகு டெக் பங்கு 70-லிருந்து எவ்வளவுக்குக் குறைய வேண்டும் என்று ஒரு எண்ணை முடிவு செய்யுங்கள். உங்கள் நிலையில் நான் 40 முதல் 45 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டேன். மூன்று நான்கு தவணைகளாக, முன்பே குறித்த தேதிகளில் குறையுங்கள். அன்றைக்கு ஆர்.எஸ்.ஐ. என்ன சொல்கிறது என்று பார்க்கவே வேண்டாம். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை அந்த எண்ணுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏறியிருந்தால் கொஞ்சம் விற்பீர்கள், இறங்கியிருந்தால் கொஞ்சம் வாங்குவீர்கள். கணிப்பு இல்லாமலே, நீங்கள் செய்ய நினைத்ததில் ஒரு பகுதி நடந்துவிடும்.

ஸ்டாப் லாஸ், அதாவது குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் கட்டளை, போடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். இரவில் வந்த செய்தியால் காலையில் விலை நேராக 15 சதவீதம் கீழே திறந்தால், நீங்கள் குறித்த விலையில் விற்காது, கிடைத்த விலையில்தான் விற்கும். குறிப்பிட்ட விலையில் விற்கும் உரிமையைத் தரும் புட் ஆப்ஷன் வாங்குவது காப்பீடு மாதிரி. ஆனால் பயம் அதிகமாக இருக்கும்போது அதன் பிரீமியமும் எகிறிவிடும், தொடர்ந்து கட்டினால் லாபத்தைத் தின்றுவிடும். குறிப்பிட்ட தேதியில் பணம் தேவைப்படுபவருக்கு எப்போதாவது உதவலாம். உங்களுக்கு இப்போது தேவையில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் கணித்துப் பார்க்கும் ஆசை போகாது. அது தவறும் இல்லை. சேமிப்பில் 5 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அங்கே செய்யுங்கள். ஒவ்வொரு முறை விற்கும் முன்பும் நான்கு விஷயங்களை நோட்டில் எழுதுங்கள்: தேதி, அன்றைய விலை, திரும்ப வாங்கப்போகும் விலை, அது வராவிட்டால் எந்தத் தேதியில் தவறை ஒத்துக்கொண்டு வாங்குவீர்கள் என்பது. இந்த நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 20 முயற்சிகள் ஆன பிறகு, எதையும் தொடாமல் விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதோடு ஒப்பிடுங்கள். பழைய விலைகளில் விதியைச் சோதித்துப் பார்த்து 'வேலை செய்கிறது' என்று முடிவு செய்துவிடாதீர்கள். 20 விதிகளைச் சோதித்தால் ஒன்றாவது தற்செயலாகவே அழகாகத் தெரியும்.

இப்போது அக்காவின் பணம். அதை இந்த வாரமே வெளியே எடுங்கள். இதை நான் சந்தை இறங்கப்போகிறது என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆர்.எஸ்.ஐ. 30-ல் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். நாஸ்டாக் 2021 நவம்பர் 19-ம் தேதி ஓர் உச்சத்தில் முடிந்து, 13 மாதங்களில் 36 சதவீதம் இறங்கியது. மறுபடி அந்த உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரி 29-ம் தேதி. இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆனது. உங்கள் அக்காவுக்கு இருப்பது ஒன்றரை ஆண்டு. வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய தேதி சந்தைக்காகக் காத்திருக்காது. இன்றைய நிலையில் லாபம் இருந்தால் வரியைக் கட்டிவிட்டு எடுங்கள். நஷ்டத்தில் இருந்தாலும் எடுங்கள், போனதை அவருடைய வீட்டுப் பணத்தை வைத்தே மீட்கப் பார்க்க வேண்டாம். வங்கி டெபாசிட் போன்ற, ஒன்றரை ஆண்டில் முடியும் பாதுகாப்பான இடத்தில் அவர் பெயரிலேயே போடுங்கள்.

எடுப்பதற்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவு கொடுத்தார், இப்போது எவ்வளவு இருக்கிறது, இதுவரை எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பங்குச் சந்தையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு இறங்கக்கூடிய இடத்தில் இருந்தது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.